பதினேழாம் எண் வள்ளத்துக்கு ஒரு வினாடி

கல்லடித்துறையில் கடலுக்குப் போகும் ஆண்களிலேயே வாய் திறக்காதவன் ததேயு. அவனுடைய மனைவி ஜெசிந்தாவுக்கோ ஊரின் முப்பத்தொரு மீன்பிடி வள்ளங்களோடும் நாள் முழுக்கப் பேசுவதுதான் உத்தியோகம். "ஊரே எனக்க குரலைக் கேட்டா பதில் சொல்லுது. கட்டினவரு மட்டும் 'ம்'முன்னு நிறுத்திக்கிடுவாரு" என்று அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வாள்.

ஊருக்குப் பின்னால் ஒரு குன்று. அதன் உச்சியில் இரண்டு அறைக் கட்டடம், கூரையில் கடலைப் பார்த்தபடி ஒரு சாம்பல் நிறப் பலகை. வீட்டுக் கதவு அளவு இருக்கும், இரண்டு விரல் தடிமன். கிட்டே போய்ப் பார்த்தால் கடுகைவிடச் சிறிய செப்பு வளையங்கள் லட்சக்கணக்கில் வரிசையாகப் பதிந்திருப்பது தெரியும். பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயர் நீளமானது. ஊரில் அது வெறும் பலகைதான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புயலில் கல்லடித்துறை பதினோரு பேரைப் பறிகொடுத்தது. காற்று திரும்பப் போகிறது என்று கரையிலிருந்து ஒரு வார்த்தை சொல்ல முடிந்திருந்தால் பாதிப் பேராவது பிழைத்திருப்பார்கள். போனவர்களில் ஜெசிந்தாவின் அண்ணனும் ஒருவன். அப்போது அவள் கோயம்புத்தூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் பலகை வைக்கிறார்கள், அதை இயக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். வந்த இடத்தில் ததேயுவைக் கட்டிக்கொண்டாள்.

அவளோடு வேலை பார்த்தவர் பரணிதரன். நாமக்கல்காரர், ஐம்பதை நெருங்கியவர். மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்த மனிதர், இப்போது ஜெசிந்தாவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த உடனே சாளையா அயிலையா என்று சொல்லிவிடுவார். ஆனால் கடலில் மட்டும் கால் வைக்கமாட்டார்.

ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த ததேயு, பலகையை அண்ணாந்து பார்த்து, "இது திரும்பாதா?" என்று கேட்டான்.

"திரும்பாது" என்றாள் ஜெசிந்தா.

"அப்ப நான் எங்க போனாலும் எப்படி கூடவே வருது?"

அவன் இவ்வளவு பேசியதே பெரிது என்று அவள் உற்சாகமாகிவிட்டாள். "பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில வளைக்கும் இல்லியா? அதுபோல இந்த வளையமெல்லாம் சேர்ந்து ரேடியோ அலையை வளைக்கும். பலகைக்குப் பின்னால நூறு வாய் இருக்கு. எந்த வாய்ல இருந்து பேசுறோமோ அதுக்குத் தக்கபடி முன்னால போற திசை மாறும். இடது ஓரத்துல பேசினா வலப்பக்கம் போகும். எங்கேயும் சிதறாது. கற்றையா, நேரா, ஒங்க வள்ளத்துல இருக்க பெட்டிக்கு மட்டும். அது படும்போதுதான் பெட்டியில பச்சை விளக்கு எரியுது."

"மழை பெஞ்சா?"

அதற்குப் பரணிதரன் பதில் சொன்னார். "அதுதாங்க சிக்கல். மழை இந்த அலையைக் குடிச்சிடும். வெயில் நேரத்துல கண் சிமிட்டுறதுக்குள்ள போயிடுற பேச்சு, பெருமழையில போகணும்னா கற்றையை அஞ்சாறு வினாடி ஒரே வள்ளத்து மேல நிறுத்தி வைக்கணும். எட்டு டிரான்ஸ்மிட்டர் இருக்கிறதால சமாளிச்சிடலாம். மூணு சுற்று கூப்பிட்டும் பதில் வராத வள்ளத்தை விட்டுடலாமான்னு மெஷினே கேக்கும். நேரம் வீணாகக் கூடாதில்ல?"

"ம்" என்றான் ததேயு.

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை அது. காலையில் வானம் சுத்தமாக இருந்தது. முப்பத்தொரு வள்ளங்களும் போயிருந்தன. பதினொன்றரைக்கு மேற்கே கறுத்தது. பன்னிரண்டரைக்கு மழை குன்றை மறைத்தது. ஒரு மணி தாண்டிச் சில நிமிடங்களில் பலகைக்குப் பக்கத்தில் இருந்த இரும்புத் தூணில் இடி இறங்கியது. அறைக்குள் ரப்பர் எரிந்த நாற்றம். பரணிதரன் பின்னறைக்கு ஓடி, ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பலகை நல்லா இருக்கு மேடம். டிரான்ஸ்மிட்டர் ஏழு போச்சு. ஒண்ணுதான் மிச்சம்."

ஜெசிந்தா மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். ஒரே கற்றை. மழையில் வள்ளத்துக்கு ஆறு வினாடி. முப்பத்தொரு வள்ளத்தையும் சுற்றிவர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு சுற்றில் அவள் சொன்னால், பதில் கேட்க அடுத்த சுற்று வரவேண்டும்.

"சரி. ஒண்ணை வச்சுத்தான் ஓட்டணும்" என்று மைக்கை இழுத்தாள்.

ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ஸ்டெல்லஸ், துறைக்கு வராதீங்க, அலை துறைவாயை அடைச்சிட்டுது. கிழக்க முனைக்கு அந்தப்புறம் ஒதுங்குங்க." அடுத்தவர். அதே செய்தி. அடுத்தவர். இரண்டாவது சுற்றில், "ஒரே கற்றைதான் இருக்கு. மூணு நிமிசத்துக்கு ஒருக்கா வருவேன். சுருக்கமா பேசுங்க" என்றாள். பதினேழாம் எண் வந்தபோதும் குரல் மாறவில்லை. மற்றவர்களுக்குச் சொன்னதைத்தான் ததேயுவுக்கும் சொன்னாள். அடுத்த சுற்றில் அவன் குரல் வந்தது. "நடுவழி தாண்டிட்டோம். காத்து முதுகுலதான். பயப்படாதே."

மணி இரண்டரையைத் தாண்டியது. அடுத்த சுற்றில் பதினேழிலிருந்து பதில் இல்லை.

அதற்கடுத்த சுற்றிலும் இல்லை. மூன்றாவது முறையும் வராதபோது திரையில் ஒரு கேள்வி எழுந்தது. 'எண் 17: நீக்கலாமா?' ஜெசிந்தா 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். அடுத்த சுற்றிலும் அதே கேள்வி, அதே பதில். ஒவ்வொரு முறையும் ஆறு வினாடி அவள் வெறும் மழையோடு பேசினாள். "ததேயு, கேக்குதா? ஒரு வார்த்தை சொல்லுங்க." பிறகு, "பிரிட்டோ, நீயாவது பேசுடா." பிரிட்டோ அதே வள்ளத்தில் போன பையன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆறாவது முறை அவள் செய்தி எதுவும் சொல்லவில்லை. "நான் இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

பரணிதரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்குள் பத்தொன்பது வள்ளங்கள் முனைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டன. அங்கே கற்றையும் கைபேசியும் எட்டாது; அவர்களுக்கு இனி அது தேவையும் இல்லை. மீதி பன்னிரண்டு. அப்போதுதான் இருபத்திரண்டாம் எண்ணிலிருந்து கிளீற்றஸ் கத்தினான். "எஞ்சின் நின்னுபோச்சு! பாருக்குத் தள்ளுது!" பார் என்பது தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. அந்தக் காற்றில் அதன்மேல் ஏறிய வள்ளம் தேங்காய்போல உடையும். கிளீற்றஸோடு அவன் தம்பி லிபினும் இருந்தான்.

ஒன்றரை மைல் தள்ளி ஸ்டெல்லஸின் வள்ளம் இருந்தது. பெரிய எஞ்சின். ஆனால் மழையில் பத்தடி தள்ளி இருப்பதுகூடத் தெரியாத நிலை. கிளீற்றஸின் இடத்தைக் கேட்டு, ஸ்டெல்லஸுக்குச் சொல்லி, அவர் நகர்ந்ததைக் கேட்டு, மறுபடி கிளீற்றஸுக்குச் சொல்லவேண்டும். அதற்குள் இரண்டு வள்ளமும் இடம் மாறியிருக்கும்.

"ஆறு வினாடி போதாது மேடம்" என்றார் பரணிதரன். "கிளீற்றஸுக்குப் பன்னிரண்டு கொடுத்தா, கேள்வியும் பதிலும் ஒரே முறையில முடிஞ்சிடும்."

"குடுப்போம்."

"எங்கிருந்து?"

அவள் திரையைப் பார்த்தாள். பதில் தருகிற மற்றப் பத்து வள்ளங்களும் நடுக்கடலில் தவித்துக்கொண்டிருந்தன. சுற்றை நீட்டினால் ஒவ்வொருவரும் அதிகம் காத்திருக்கவேண்டும். கிளீற்றஸும்தான்.

"மேடம்" என்றார் அவர் மெதுவாக. "பதினேழை விட்டுடலாம். ஒன்பது சுற்று ஆச்சு."

ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் மறுபடி அந்தக் கேள்வி வந்து நின்றது. அவர் கையை நீட்டினார்.

"வேண்டாம் சார். நான்தான் அழுத்தணும்."

அழுத்தினாள். பட்டியலில் பதினேழு மறைந்தது. பக்கத்தில் கிடந்த நோட்டில் '17, தொடர்பில்லை, மணி 3.03' என்று தன் கையாலேயே எழுதினாள். பிறகு மைக்கை எடுத்தாள். "கிளீற்றஸ், ஸ்டெல்லஸ் ஒனக்குத் தெக்க வந்திட்டிருக்காரு. எந்தப் பக்கம் தள்ளுது, சொல்லு."

இருபது நிமிடங்களுக்கு மேல் பிடித்தது. கற்றை போகும் வரிசையைப் பரணிதரன் பார்த்துக்கொண்டார், பேச்சை அவள் பார்த்துக்கொண்டாள். "இன்னும் வடக்க... போதும், வேகத்தைக் குறைங்க... கிளீற்றஸ், இடப்பக்கம் பாரு, தெரியுதா?" பாருக்கு முந்நூறு அடி இருக்கும்போது ஸ்டெல்லஸ் கயிறு வீசினார். கயிறு பிடிபட்டுவிட்டது என்று கேட்டபோது பரணிதரன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கயிறு திடீரென்று இறுகியதில் லிபினின் இரண்டு விரல்கள் போய்விட்டன என்பது அதற்கடுத்த சுற்றில்தான் தெரிந்தது.

நாலரைக்குக் காற்று அடங்கியது. ஒவ்வொரு வள்ளமும் முனையைத் திரும்பும் முன் செய்தி சொல்லிவிட்டுப் போனது. பட்டியலில் இருந்த கடைசி வள்ளமும் திரும்பியதும் ஜெசிந்தா எழுந்தாள். பரணிதரன் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பிரிட்டோவின் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அவளிடம் என்ன சொல்வது என்பதை மட்டுமே ஜெசிந்தா யோசித்துக்கொண்டு வந்தாள். அதைத் தாண்டி யோசிக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

முனைக்கு அந்தப்புறத்து மணலில் வள்ளங்கள் தாறுமாறாக ஏறிக் கிடந்தன. ஆட்கள் நெருப்பு மூட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா எண்ண ஆரம்பித்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. கடைசியாக ஒன்று மட்டும் தனியே, பாறையை ஒட்டி நின்றது. அதற்குள் குனிந்து, இடுப்பில் ஈரத் துண்டோடு, ததேயு தண்ணீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். பிரிட்டோ பக்கத்தில் வலையை மடித்துக்கொண்டிருந்தான்.

ததேயு நிமிர்ந்து பார்த்தான். "கிளீற்றஸ் வந்துட்டானா?" என்று கேட்டான்.

அவள் குனிந்து இரண்டு கை நிறைய ஈர மணலை அள்ளி அவன் நெஞ்சில் வீசினாள். இன்னொரு கை. அவன் தடுக்கவில்லை. பிரிட்டோ நைசாக வள்ளத்தின் மறுபக்கம் போய்விட்டான்.

"வந்துட்டான்" என்றாள் மூச்சிரைக்க. "என்ன ஆச்சு ஒங்க பெட்டிக்கு?"

"ஒண்ணும் ஆகல்ல. பேசுத வயரை நான்தான் பிடுங்கினேன்."

அவள் கையில் மீதியிருந்த மணல் நழுவி விழுந்தது.

"கிளீற்றஸ் கை வயர்லெஸ்ல புலம்புனது எனக்குக் கேட்டுது பிள்ளே, அது அரை மைலுதானே எட்டும்" என்றான் ததேயு. "எஞ்சின் இருமுதுன்னான். நிக்கப் போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. காத்துக்கு எதிரா திரும்பிப் போவ எனக்க எஞ்சினால ஆகாது. குடுக்கதுக்கு எனக்க கையில அந்த ஆறு வினாடிதான் இருந்துது."

"அதை எங்கிட்ட சொன்னா என்ன? 'என்னை விட்டுரு'ன்னு சொல்லலாமே?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அவள் யோசித்தாள். "விட்டிருக்கமாட்டேன்."

"அதான். மூணு சுற்று பதில் இல்லைன்னா மெஷின் விட்டுரலாமான்னு கேக்கும்ன்னு சார் சொன்னாரு இல்லியா. அதை நம்பி இருந்துட்டேன். நீ 'வேண்டாம் வேண்டாம்'ன்னு அழுத்திட்டு இருப்பேன்னு நெனக்கல்ல."

ஜெசிந்தாவுக்கு இன்னொன்று அப்போதுதான் உறைத்தது. "பேசுத வயரை மட்டுமா பிடுங்குனீங்க? அப்ப நான் பேசினது?"

ததேயு தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டுது."

"எல்லாமா?"

"எல்லாம்."

"நான் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன். அதைக் கேட்டுட்டா இருந்தீங்க?"

"பிரிட்டோ அழுதான். 'அண்ணே, அக்கா கூப்பிடுது, வயரை மாட்டுங்க'ன்னு காலைப் பிடிச்சான். நான்தான் மாட்டவிடல்ல."

"அவனுக்க பெண்டாட்டிகிட்ட நான் என்ன சொல்லியிருப்பேன்? ஒங்களுக்கு உரியதை நீங்க குடுக்கலாம். அவனுக்கு உரியதைக் குடுக்க நீங்க யாரு?"

ததேயு வள்ளத்திலிருந்து இறங்கி வந்தான். "தப்புதான்" என்றான். அவளுக்கு அழுகை வந்தது. அவன் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, மணலும் உப்புமாக, நன்றாக அழுதாள். அழுகை நின்றதும் சொன்னாள், "நானும் ஒண்ணு சொல்லணும். மூணு மணி தாண்டினதும் ஒங்களை விட்டுட்டேன். நானே அழுத்தினேன். ஒங்க நேரத்தை கிளீற்றஸுக்குக் குடுத்தேன்."

ததேயு அவளை விநோதமாகப் பார்த்தான். "விட்டியா? எப்ப விட்ட?"

"மூணு மூணுக்கு."

"இல்லியே. கற்றை படும்போது பெட்டியில பச்சை விளக்கு எரியும் இல்லியா? மூணு மணிக்கு மேல ஒனக்க பேச்சு நின்னுது, சரி. ஆனா விளக்கு வந்துட்டேதான் இருந்துது. சின்னதா ஒருக்கா மின்னும், அணையும். முனையைத் திரும்புத வரைக்கும் வந்துது. அதைப் பாத்துத்தான் பிரிட்டோ அழுகையை நிறுத்தினான். பேசதுக்கு நேரம் இல்லாட்டியும் நீ எங்களை விடல்லன்னு நெனச்சோம்."

ஜெசிந்தா மெல்லத் திரும்பினாள். பரணிதரன் பத்தடி தள்ளி நின்றிருந்தார். ஜீப்பைவிட்டு இறங்கி வந்தவர், முழங்கால் தண்ணீரில் நிற்பதை அவரே கவனித்ததாகத் தெரியவில்லை.

"சார்?"

"ஒரு வினாடிதான் மேடம்" என்றார் அவர், பிடிபட்டவரைப்போல. "வரிசை என் கையில இருந்துச்சு. ஒவ்வொரு சுற்றுலயும் ஒரு வினாடி மட்டும் பதினேழுக்குத் திருப்பினேன்."

"இவரு உயிரோட இருக்காருன்னு ஒங்களுக்குத் தோணிச்சா?"

பரணிதரன் ததேயுவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "இல்ல மேடம். போயிட்டாருன்னுதான் நெனச்சேன்."

"பிறகு எதுக்கு?"

"நீங்க அந்தப் பொத்தானை அழுத்தினப்ப நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். சொன்னதும் நான்தான். அப்படியே விட்டுட என்னால முடியல."

அந்த ஒரு வினாடி ஸ்டெல்லஸின் ஆறிலிருந்து எடுத்தது. அதை அவர் அங்கேயே சொல்லிவிட்டார். கயிறு இறுகிய நேரத்தில் ஸ்டெல்லஸுக்குக் கிடைத்தது ஐந்து வினாடிதான். இன்னொரு வினாடி இருந்திருந்தால் 'கையை எடுக்கச் சொல்லு' என்று ஜெசிந்தா சொல்லியிருப்பாளா, சொல்லியிருந்தாலும் அது லிபினின் காதுக்குப் போயிருக்குமா, யாருக்கும் தெரியாது. பரணிதரன் மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்றாம் நாள் லிபினிடம் விஷயத்தை அப்படியே சொன்னார்.

லிபின் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "கயித்தைக் கையில சுத்தினது நான் சார். சுத்தாதேன்னு அண்ணன் கத்தினான், எனக்குக் கேட்டுது, நான்தான் விடல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பாருல மாட்டியிருந்தா எனக்கும் அந்த ஒரு வினாடி வந்திருக்குமா?" என்று கேட்டான்.

"வந்திருக்கும்" என்றார் பரணிதரன்.

"அப்ப போதும்" என்று சொல்லி, தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னான்.

ஒரு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்தன. பதிவில் ஒரு முரண்பாடு இருந்தது. பட்டியலிலிருந்து நீக்கிய பதினேழாம் எண்ணுக்குக் கற்றை பலமுறை ஒரு வினாடி வீதம் போயிருக்கிறது. இது கருவியின் பிழையா, இயக்கியவரின் பிழையா?

"என் பேரைப் போட்டுடுங்க மேடம்" என்றார் பரணிதரன். "இயக்கியவர் பிழைன்னு."

ஜெசிந்தா அந்தக் கேள்விப் படிவத்தைத் திரையில் திறந்தாள். பிறகு தட்டச்சு செய்தாள். 'பிழை இல்லை. இந்த நிலையத்தில் வழக்கத்தில் உள்ள முறை.' கீழே தன் பெயரைப் போட்டாள். யோசித்துப் பரணிதரன் பெயரையும் சேர்த்தாள். லிபினின் விரல்களைப் பற்றியும் மறைக்காமல் எழுதினாள்.

அவர்கள் ஒரு விசாரணையை எதிர்பார்த்தார்கள். வரவில்லை. சித்திரையில் புதிய டிரான்ஸ்மிட்டர்களோடு புதிய மென்பொருளும் வந்தது. பரணிதரன் அதன் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு கையேட்டை அப்படியே ஜெசிந்தாவின் பக்கம் தள்ளினார்.

'நீக்கப்பட்ட ஒவ்வொரு படகுக்கும், அது கரை சேரும் வரை அல்லது தேடுதல் முடியும் வரை, ஒரு சுற்றுக்கு ஒரு வினாடி கற்றை தொடர்ந்து அனுப்பப்படும். இந்த ஒரு வினாடி எந்தப் படகின் நேரத்திலிருந்தும் எடுக்கப்படாது. சுற்றின் முடிவில் தனியே சேர்க்கப்படும். காரணம்: களத்தில் வழக்கத்தில் உள்ள முறை.'